கைப்பேசி யாருடையது?

என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். பேச்சினிடையே தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கைப்பேசியில் பார்க்க வேண்டுமானால் அதில் பாதுகாப்புச் சான்றிதழ்களை நிறுவிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்ததாம், அவரும் நிறுவிக்கொண்டிருக்கிறார். அன்று முதல், நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றுகிறது. "அம்மாவின் மருத்துவ அறிக்கைகளும் என் வங்கிக் கணக்கும் இதே கைப்பேசியில்தான் இருக்கின்றன. நான் எதற்குச் சம்மதித்திருக்கிறேன், ஐயா?" என்று கேட்டார்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. கணினி அறிவியல் எனது துறை அன்று. ஆனால், தேடிப் படித்தபோது, தொழில்நுட்பத்தின் போர்வையில் இருக்கும் இக்கேள்வி பெருமளவு பொருளாதாரம் சார்ந்தது என்பது புரிந்தது.

சான்றிதழ் என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் வெவ்வேறு அனுமதிகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, அடையாளச் சான்றிதழ். இது அலுவலக வாயிலில் காட்டும் அடையாள அட்டையைப் போன்றது. இந்தக் கைப்பேசி இன்ன ஊழியருடையது என்று நிறுவனத்தின் மின்னஞ்சல் வழங்கிக்கு அது தெரிவிக்கிறது. கடவுச்சொல் திருடப்பட்டாலும், சான்றிதழ் இல்லாத வேறொரு கருவியிலிருந்து எவரும் உள்ளே நுழைய இயலாது. இதனால் ஊழியருக்குத் தீங்கு இல்லை, நன்மையே உண்டு.

இரண்டாவது, மூலச் சான்றிதழ். அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் சான்றொப்பம் இட்ட நகலை நாம் அசலுக்கு நிகராக ஏற்றுக்கொள்கிறோம் அல்லவா? அதைப்போலவே, குறிப்பிட்ட சில அமைப்புகளின் ஒப்பம் இருந்தால் ஓர் இணையதளத்தை உண்மையானது என்று கைப்பேசி ஏற்கிறது. அத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்கள் கைப்பேசியை வாங்கும்போதே அதில் இருக்கின்றன. நிறுவனத்தின் மூலச் சான்றிதழை நிறுவுவது, சான்றொப்பம் இடும் அதிகாரத்தை அந்த நிறுவனத்துக்கும் வழங்குவதாகும். அதன்பின், கைப்பேசியின் இணையத் தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு வழியாகச் செல்லும்போது, நிறுவனம் விரும்பினால் இடையில் நின்று உறையைப் பிரித்துப் படித்துவிட்டு மீண்டும் ஒட்டி அனுப்ப முடியும். எச்சரிக்கை தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது, சான்றிதழுடன் சேர்ந்தே வரும் நிர்வாக அனுமதி. திரைப்பூட்டு எப்படி இருக்க வேண்டும், எந்தச் செயலி இருக்கலாம் என்பனவற்றை நிறுவனம் தீர்மானிக்க இது இடமளிக்கிறது. சில அமைப்பு முறைகளில் தொலைவிலிருந்தபடியே கைப்பேசி முழுவதையும் அழித்துவிடவும் முடியும். என் மாணவியின் சக ஊழியர் ஒருவர் பணியிலிருந்து விலகிய நாளில் அதுதான் நடந்திருக்கிறது. அலுவலக மின்னஞ்சலோடு, மறைந்த தந்தையின் படங்களும் அழிந்துவிட்டன. வேண்டுமென்று எவரும் செய்யவில்லை. விலகுவோருக்கு வழக்கமாகப் பிறப்பிக்கப்படும் கட்டளை அது.

மூலச் சான்றிதழைப் பற்றிய அச்சம் வெறும் கற்பனை அன்று. 2014 ஜூலையில், நமது தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் வழங்கும் அமைப்பிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானது கண்டறியப்பட்டு, அம்மையத்தின் அதிகாரம் ரத்து செய்யப்பட்டது. 2019-இல் கஜகஸ்தான் அரசு தனது மூலச் சான்றிதழைக் கைப்பேசிகளில் நிறுவிக்கொள்ளுமாறு குடிமக்களைப் பணித்தது. குடிமக்களின் இணையத் தொடர்பை இடைமறிக்க அது வழிவகுக்கும் என்பதால் கூகுள், மொசில்லா, ஆப்பிள் ஆகிய மூன்றும் அந்தச் சான்றிதழைத் தங்கள் உலாவிகளில் முடக்கின. ஓர் அரசு கேட்டபோது உலகம் கவலைப்பட்ட அதே அனுமதியைத்தான், சம்பளம் தரும் நிறுவனம் கேட்டால் நாம் தயங்காமல் தந்துவிடுகிறோம்.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஊடுருவல்காரர்கள் பெரும்பாலும் நுழையும் வாசல் மின்னஞ்சல்தான். இணையப் பாதுகாப்புக்கான நமது தேசிய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணையின்படி, ஊடுருவல் நிகழ்ந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் நிறுவனம், தனது தகவல் சென்று சேரும் ஒவ்வொரு கருவியையும் கட்டுப்படுத்த விரும்புவது இயல்பே. ஆனால், அந்தப் பாதுகாப்புக்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

நிறுவனம் என்பது ஏன் தோன்றுகிறது, அதன் எல்லை எது என்னும் கேள்விகளை 1937-இல் ரொனால்டு கோஸ் எழுப்பினார். தொழிற்சாலைக் காலத்தில் அந்த எல்லையை எளிதில் காட்டிவிடலாம். இயந்திரம் முதலாளியுடையது, உழைப்பு தொழிலாளியுடையது, சங்கு ஊதியதும் இருவரும் பிரிந்துவிடுவர். இன்று ஊழியர் தம் பணத்தில் வாங்கி, தம் பணத்தில் இணையக் கட்டணம் செலுத்தும் கருவியே அலுவலகத்தின் இயந்திரமாகிவிட்டது. நிறுவனம் முதலீட்டுச் செலவை மிச்சப்படுத்துகிறது. கட்டுப்பாட்டை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. செலவு ஒருவருக்கு, அதிகாரம் மற்றொருவருக்கு என்னும் ஏற்பாட்டைப் பொருளாதாரம் ஒருபோதும் சமமான ஒப்பந்தமாகக் கருதியதில்லை.

கலிபோர்னியாவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2014-இல் இதைக் கவனத்தில் கொண்டது. பணிக்காகச் சொந்தக் கைப்பேசியைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய ஊழியருக்கு, அதன் கட்டணத்தில் நியாயமான ஒரு பங்கை நிறுவனம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனால் ஊழியருக்குக் கூடுதல் செலவு ஏற்படாவிட்டாலும் பங்கு தந்தே ஆக வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

பணச் செலவுக்கு இழப்பீடு தந்துவிடலாம். அந்தரங்கத்துக்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டமும், சம்மதம் என்பது கட்டாயமின்றி, விவரம் அறிந்து, குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும் தரப்படுவதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால், அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பணி தொடர்பான நோக்கங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் சம்மதமின்றியே ஊழியரின் தரவைக் கையாள இடமளிக்கிறது. 'இழப்பிலிருந்து காத்தல்' என்பது நீட்டினால் நீளக்கூடிய சொற்றொடர். அதன் எல்லையைத் தெளிவாக வரையறுக்க வேண்டியது அரசின் கடமை.

இதில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2017 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பு நமக்கு வழிகாட்டக்கூடும். ருமேனியாவில் பொறியாளர் ஒருவர் அலுவலகக் கணக்கில் சொந்தச் செய்திகளை அனுப்பியதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். நிறுவனம் கண்காணிக்கவே கூடாது என்று அந்நீதிமன்றம் கூறவில்லை. கண்காணிப்பின் தன்மையும் அளவும் ஊழியருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டனவா, குறைவான ஊடுருவலுடன் அதே நோக்கத்தை எட்ட முடியாதா என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயத் தவறியதையே அது குறையாகக் கண்டது.

குறைவான ஊடுருவலுக்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. அலுவலகப் பகுதியையும் சொந்தப் பகுதியையும் ஒரே கைப்பேசிக்குள் தனித்தனியே பிரித்து வைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2014-இலேயே வந்துவிட்டது. ஆப்பிள் 2019-இல் அதற்கு நிகரான முறையை அறிமுகப்படுத்தியது. ஊழியர் விலகும்போது அலுவலகப் பகுதியை மட்டும் அழித்தால் போதும். குடும்பப் படங்களைத் தொட வேண்டியதில்லை. ஆகவே, முழுக் கைப்பேசியையும் கட்டுப்படுத்தினால்தான் பாதுகாப்பு என்னும் வாதம் இன்று வலுவிழந்துவிட்டது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. நிறுவப்படுவது அடையாளச் சான்றிதழா, மூலச் சான்றிதழா, நிர்வாக அனுமதியா என்பதை ஊழியருக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். சொந்தக் கைப்பேசி என்றால் தனிப் பகுதிக்குள் மட்டுமே அனுமதி பெற வேண்டும். அது போதாது என்று கருதினால் அலுவலகக் கைப்பேசி வழங்க வேண்டும். பணி முடியும் நாளில் சான்றிதழ்களை அகற்றிவிட்டதாக எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். இவற்றை விதியாக்க அரசு முன்வந்தால், நேர்மையாக நடக்கும் நிறுவனங்களுக்கு அதனால் கூடுதல் சுமை ஏதும் ஏற்படாது.

ஊழியர்களும் கேட்கத் தயங்கக் கூடாது. ஒருவர் தனியாகக் கேட்டால் ஐயம் கொள்வார்கள். ஒரு பிரிவே சேர்ந்து கேட்டால் விடை சொல்வார்கள். இதைத்தான் என் மாணவியிடம் கூறினேன். அவரும் உடன் பணிபுரியும் சிலருமாகச் சேர்ந்து, நிறுவப்பட்டவை எவை, அவற்றால் எதைப் பார்க்க முடியும், விலகும்போது எதை அழிப்பீர்கள் என்று மூன்று கேள்விகளை எழுதி மனிதவளப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தான் எதற்குச் சம்மதித்தேன் என்று ஓர் ஊழியர் தம் பழைய ஆசிரியரிடம் வந்து கேட்க நேர்கிறது என்றால், அவரிடமிருந்து பெறப்பட்டதைச் சம்மதம் என்று கூற இயலாது.