முதல் கோப்பையை மறக்கலாமா?

கால்பந்தில் முதல் கோப்பை எது என்று கேட்டால் எஃப்.ஏ. கோப்பை என்போம். அது 1871ல்தான் தொடங்கியது. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1867ல், எஃகுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 12 அணிகள் ஒரு கோப்பைக்காக மோதின. நாடகக் கொட்டகை நடத்திய தாமஸ் யூடன் கொடுத்த கோப்பை அது. இறுதியாட்டத்தில் நார்ஃபோக் அணியை ஹாலம் வென்றது. போட்டி அந்த ஒரு வருஷத்தோடு நின்றுபோனது. கோப்பையும் கைமாறித் தொலைந்து, 1997ல்தான் ஹாலம் கிளப்புக்குத் திரும்பி வந்தது.

நின்றுபோனதால் அது வீணா? நான் ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். வழிகாட்ட ஆள் இல்லாமல் தொடங்குவது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். தொடங்கியவர்களின் பேரையாவது நாம் ஞாபகம் வைத்திருப்போம்!