மரபணு வங்கிக்கு விதை கொடுப்பது குறித்த எங்கள் நிலைப்பாடு

நாட்டின் இரண்டாவது தேசிய மரபணு வங்கி 10 லட்சம் விதை மாதிரிகளோடு அமையும் என்று 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அன்று முதல் 'கொடுக்கலாமா, கூடாதா' என்று வட்டாரக் குழுக்கள் கேட்டபடி இருக்கின்றன. செயற்குழுவில் இரண்டு தரப்பும் உரக்கவே பேசின. இரு தரப்பும் கையெழுத்திடும்படி எழுதியது இது.

கொள்கையளவில் மரபணு வங்கிகளை ஆதரிக்கிறோம். ஆனால் இன்றைய நிபந்தனைகளின்படி புதிதாக விதை ஒப்படைப்பதைத் தற்போதைக்கு நிறுத்திவைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ('மறுக்க வேண்டும்' என்ற திருத்தத்துக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.)

வங்கி வேண்டாம் என்பவர்கள் அலெப்போவை நினைத்துப் பார்க்கட்டும். சிரியப் போரில் அங்கிருந்த தன் விதைச் சேமிப்பு கைக்கெட்டாமல் போனபோது, இக்கார்டா ஆய்வு மையம் 2015இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்திலிருந்து நகல் விதைகளைத் திரும்பப் பெற்று லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கியது. வயலில் மட்டுமே இருக்கும் ரகம் ஒரே வெள்ளத்தில் போய்விடும் என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வளங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் உறுப்பு நாடு. அதன் பொதுத் தொகுப்பிலிருந்து விதை வாங்குபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த விதையிலிருந்து உருவாக்கிய ரகத்தைப் பிறர் ஆய்வுக்கும் இனப்பெருக்கத்துக்கும் கிடைக்காமல் அடைத்து விற்றால், விற்பனையில் 1.1 விழுக்காடு, அதிலும் 30 விழுக்காடு கழிவு போக 0.77, பொது நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த நிதி இன்றுவரை பெரும்பாலும் அரசுகளின் நன்கொடையில்தான் ஓடுகிறது. விதை நிறுவனங்கள் கட்டியது சொற்பம்.

இந்தச் சொற்பத்துக்கும் இப்போது வழியடைகிறது. விதையை வாங்கினால்தான் கையெழுத்து. அதன் மரபணு வரிசையைக் கணினியில் இறக்கிக்கொள்பவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. 89 நாடுகளைச் சேர்ந்த 3,024 நெல் வகைகளின் வரிசை 2014இல் பொதுவெளிக்கு வந்துவிட்டது. அறிவைத் திறந்து வைப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. திறந்த கதவால் எடுத்துப்போனதைக் காப்புரிமை என்ற பூட்டுக்குள் வைக்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம். 2019இல் ரோமில் உடன்படிக்கையைத் திருத்தும் பேச்சு முறிந்ததற்கு இந்த வரிசைத் தகராறு முக்கியக் காரணம். 2022இல் டெல்லியில் பேச்சைப் புதுப்பித்தபோதும் முடிச்சு அவிழவில்லை. அதற்குள் உடன்படிக்கையின் பயிர்ப் பட்டியலை எல்லாப் பயிர்களுக்கும் விரிக்கலாம் என்கிறார்கள். கேழ்வரகும் கம்பும் ஏற்கெனவே பட்டியலில் உண்டு. சாமை, வரகு, குதிரைவாலி வெளியே நிற்கின்றன. பட்டியல் விரிந்தால் கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் பெண்கள் காத்துவந்த அவையும் பொதுத் தொகுப்புக்குப் போகும். வரிசைக்கான விலை முடிவாகாமல் அவற்றைச் சேர்ப்பது கொடுக்கல் வாங்கல் ஆகாது, பறிப்புதான். (இக்கடைசி வரி கடுமையானது என்று இரு உறுப்பினர்கள் பதிவு செய்துள்ளனர்.)

எதை ஏற்கிறோம், எதை எதிர்க்கிறோம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்-1 நெல் 2009இல் வெளியானது. அதன் தாங்குதிறனைக் கொடுத்தது, ஒடிசா உழவர்களின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ ரகம். பொது ஆய்வில் பிறந்து உழவர் வயலுக்கே திரும்பியதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ராய்ப்பூர் கதை அப்படியல்ல. நெல் விஞ்ஞானி ரிச்சாரியா திரட்டிய 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் இருந்த அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் 2002இல் சின்ஜென்டா விதை நிறுவனத்தோடு உடன்பாட்டுக்குப் போனது. அந்த நெல்லைக் கொடுத்த ஊர்களை ஒருவரும் கேட்கவில்லை. தெருவில் போராட்டம் வெடித்த பிறகே நிறுவனம் பின்வாங்கியது.

வங்கி எப்படி நடக்க வேண்டும் என்பதை ஆதிரங்கத்தில் மரபு நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் செய்தே காட்டினார். நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். வாங்கியவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கும்.

ஆகவே அரசிடம் கேட்கிறோம். ஒப்படைக்கும் குழு எப்போது கேட்டாலும் தன் விதையைக் கட்டணமின்றித் திரும்பப் பெற முடிய வேண்டும். விதையின் பதிவில் ஊரின் பெயர் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் எழுத்துப்பூர்வ இசைவின்றி வரிசையை எடுக்கவோ வெளியிடவோ கூடாது. இரண்டாவது வங்கியை ஒரே கட்டடத்தில் முடக்காமல், இயன்றவரை வட்டாரங்களில் நகல் வைக்க வேண்டும். நம் பகுதிக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கி ஏற்கெனவே இருக்கிறது. விதையைச் சேமிக்க, பரிமாற, விற்க 2001ஆம் ஆண்டு பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு தரும் உரிமை எந்த உடன்பாட்டாலும் சுருங்கக் கூடாது.

ஏற்கெனவே விதை கொடுத்த குழுக்கள் தங்கள் விதைக்கு வங்கி தரும் ஐ.சி. எண்ணை (பதிவு எண்) எழுத்தில் கேட்டுப் பெறவும். எண்ணின் நகலோடு, எந்த ரகம், யார் வயலிலிருந்து, எந்த ஆண்டு என்ற குறிப்பையும் செயலகத்துக்கு அனுப்பவும். பதில் வராத கடிதங்களின் நகலும் தேவை. அவற்றைத் திரட்டி வேளாண் அமைச்சகத்துக்குக் கொடுக்கப்போகிறோம்.