படத்தில் இல்லாதவர்

கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். ஆதலின் ஒரு மாதின் உருவப்படத்தைக் கண்டால் நம் கண் முகத்திற்கே செல்கின்றது. இரவிவர்மர் 1893ஆம் ஆண்டு தீட்டிய ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் ஓவியத்தில் அப்பழக்கம் உதவாது. முகத்தை விட்டுக் கையை நோக்குதல் வேண்டும்.

நிற்பவள் ஓவியரின் மகள் மகாபிரபா. இடுப்பிலே குழந்தை, அருகே நாய். அவள் நம்மைப் பார்க்கவில்லை; படத்தின் இடப்புற விளிம்புக்கு அப்பால் யாரையோ குழந்தைக்குச் சுட்டிக் காட்டுகின்றாள். சுட்டு உண்டு, சுட்டப்பட்டவர் இல்லை. அவர் தலைப்பிலே மட்டும் வருகின்றார். ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்குங்கால் ‘இதோ’ என்னாது ‘அதோ’ எனச் சேய்மைச் சுட்டாற் கூறுவதே பொருந்தும். தந்தை இன்னும் உள்ளே வந்திலர்.

அவ்வாறு அவர் வெளியே நிற்பது தற்செயலன்று. மருமக்கட்டாயம் நிலவிய குடும்பங்களிற் குழந்தை தாயின் இல்லத்துக்கே உரியது, ஆட்சி தாய்மாமனது, தந்தை வந்து போகும் விருந்தினர். இரவிவர்மர் தாமும் அத்தகைய தந்தையே. அவர் கிளிமானூரார், அவர் மக்கள் மாவேலிக்கரை இல்லத்தார். தந்தையின் வரவை இல்லத்தின் மகிழ்ச்சியாக்கிய இவ்வோவியத்தில் அம்முறையின் தளர்ச்சியை ஆய்வாளர் காண்பர்.

பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. திருவிதாங்கூர் அரச மரபிற் பெண்வழி அற்றமையால், 1900இல் மகாபிரபாவின் மகள் சேதுலட்சுமிபாய் அங்கே சுவீகாரம் கொள்ளப்பட்டார். பெண்வழி முறையாலே அரண்மனை புகுந்த அவர், 1924 முதல் 1931 வரை அரசப் பிரதிநிதியாய் ஆண்டார். தரவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழிசெய்த 1925ஆம் ஆண்டு நாயர் சட்டம் அவர் ஆட்சியிலேயே பிறந்தது! படத்திலுள்ள தாய் சுட்டிய தந்தைக்கு வாயிலைத் திறந்தவர் அவள் மகளே எனலாம்.

இதனை முழு ஆதாயமென்று கொள்ள நாம் தயங்குகின்றோம். தந்தை உள்ளே வந்தார். பெண்ணுக்குத் தன் தாய்வீட்டில் இருந்த நிலையான இடம் என்னவாயிற்று? ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வடித்த நம் தேசவழமையிலும் தாயின் சீதனம் மகளுக்கே சீதனமாகச் செல்லும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வது இங்கே புதுமையன்று. ‘அப்பா வருகிறார்’ என்று கீரிமலைப் பிள்ளை கூவும்போது அவர் நுழைவது பெரும்பாலும் அம்மாவின் வீட்டுக்குள்ளேதான்.

இப்படத்தை வகுப்பிற் காட்டும் ஆசிரியர், வருபவர் யார் என்று கேட்குமுன், அவ்வீடு யாருடையது என்று மாணவரைக் கேட்பாராக.