ஞாயிறுதோறும் ஒரு டிரைவ் வீட்டுக்குப் போகட்டும்

பாட்டு வரிகளைத் திரையில் காட்டுகிற நம் சபையின் சின்னக் கம்ப்யூட்டரை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மிக்ஸர் மேஜைக்குக் கீழே, செருப்புப் பெட்டி அளவில் இருக்கும். உள்ளே இருப்பது 17 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மினி ஐடிஎக்ஸ் போர்டு. பாகம் பாகமாக வாங்கி, நம் தம்பிகள் இரண்டு பேர் ஒரு பள்ளி விடுமுறையில் பூட்டியது. அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் போன வருடம் அதிலிருந்த ஒரே டிரைவ் ஒரு ஞாயிறு காலையில் தெரியாமல் போய்விட்டது. பாட்டு வரிகளைத் திரும்ப டைப் செய்துகொண்டோம். பாளையங்கோட்டை ஆச்சி தன் சிறு வயதைப் பற்றிச் சொன்ன 40 நிமிடப் பதிவும் அதில்தான் இருந்தது. ஆச்சி தவறியபின் ஊரிலிருந்து அவர்கள் மகள் போன் செய்து, "அம்மா பேசினது இருக்காம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான்தான். காப்பி எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று மூன்று மாதம் தள்ளியவளும் நானே.

அதனால்தான் இந்தக் கட்டுரை. என் கருத்து இதுதான்: அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவ் வாரந்தோறும் வெளியே வர வேண்டும், இன்னொன்று உள்ளே போக வேண்டும். வெளியே வந்தது சபைக் கட்டடத்தில் இருக்கக் கூடாது, ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். செருகியே கிடக்கும் இரண்டாவது டிரைவை நான் காப்பி என்று எண்ணுவதில்லை. மின்சாரக் கோளாறோ, வைரஸோ, திருட்டோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

"முன்பும் கழற்றி மாட்டிக்கொண்டுதானே இருந்தோம்?" என்று தம்பிகள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், எடிட் செய்வதற்காக ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டியைத் திறந்து, போர்டிலிருந்த எம்.2 டிரைவையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன். சூயிங்கம் துண்டு மாதிரி இருக்கும் அந்த டிரைவ் நுழைகிற எம்.2 ஸ்லாட்டை ஏறக்குறைய 60 தடவை செருகி எடுக்கத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை என்றால் ஒரு வருடமும் கொஞ்சமும். கரண்ட் ஓடும்போது அதைத் தொடவும் கூடாது. உள்ளே வயரில் மாட்டும் சாட்டா இணைப்புக்கும் கணக்கு 50 தடவைதான். வெளியிலிருந்து தட்டைத் தள்ளிச் செருகும் வகை சாட்டா இணைப்புக்கோ 500. அதே வாரக் கணக்கில் ஒன்பது வருடத்துக்கு மேல் தாங்கும்.

நம் பெட்டியின் முகப்பில் டிவிடிக்கென்று விட்ட மெல்லிய இடம் சும்மாதான் கிடக்கிறது. 2.5 அங்குல டிரைவ் நுழைகிற தட்டு ஒன்று அதில் உட்காரும். சாட்டா டிரைவின் முனையில் சில பின்கள் மற்றவற்றைவிடச் சற்று நீளம். எர்த் முதலில் தொட்டு, மற்றவை பிறகு தொடும். ஓடுகிற கம்ப்யூட்டரில் செருகி எடுக்க முடிவது இதனால்தான். பயாஸில் அந்த போர்ட்டுக்கு ஹாட் பிளக் என்பதை ஆன் செய்திருக்க வேண்டும். எடுக்கும் முன் விண்டோஸில் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் சத்தம் அடங்கும்வரை அரை நிமிடம் பொறுங்கள். ஆராதனை முடிந்ததும் பிரியாணிக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்!

டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் போவது புதுமையும் அல்ல. 1962-ல் ஐபிஎம் வெளியிட்ட 1311 என்ற இயந்திரத்தில் நாலரைக் கிலோ டிஸ்க் கட்டைத் தூக்கி மாற்றுவார்கள். அதில் அடங்கியது 20 லட்சம் எழுத்துகள். இன்று ஒரு போன் போட்டோவுக்கே போதாது.

கிளவுடில் போட்டால் போதாதா என்று சில அங்கிள்மார் கேட்டார்கள். மூன்றாவது காப்பியாக இருக்கட்டும். ஆனால் பல மணி நேர வீடியோவை ஏற்றி முடிக்க நம் இன்டர்நெட்டில் எத்தனை இரவு ஆகும் என்று பாருங்கள். அதைவிட, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் முகங்கள் அந்தப் பதிவுகளில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் நோயாளியின் தாள் ஒன்று மேஜையில் திறந்து கிடந்தாலே எங்களைக் கேள்வி கேட்பார்கள். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் படத்தை எங்கேயோ ஏற்றுவதற்கு எனக்கு மனமில்லை. வீட்டுக்குப் போகிற டிரைவும் தொலையலாம், அதனால் பிட்லாக்கரால் பூட்டியே அனுப்ப வேண்டும். மீட்புச் சாவி எண் இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவரிடம் மட்டும் வேண்டாம்.

முக்கியமானது, கொண்டுபோகிறவர் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பியாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் வார்டில் அவசர மருந்து வண்டியைச் சரிபார்ப்பது ஒரு நிபுணர் அல்ல. அந்த ஷிஃப்டில் இருக்கிற நர்ஸ். பார்த்தோம் என்று கையெழுத்துப் போடுகிறோம். இதற்கும் ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு டிரைவுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், மற்றதற்கு நீலம். காபி போடும் முறை வைத்திருக்கிற ஆன்ட்டிமாரே இதையும் அழகாக நடத்துவார்கள். மாதம் ஒருநாள் மட்டும் தம்பிகளில் ஒருவர் பழைய பதிவு ஒன்றைத் திறந்து, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்பியை நான் நம்ப மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: காரில் விட்டுவிட்டு ஸ்பிரிங்வேலில் கறிகாய் வாங்கப் போகாதீர்கள். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்ன் 46.4 டிகிரியைத் தொட்டது நினைவிருக்கும். சாதாரணக் கோடை நாளிலேயே மூடிய காருக்குள் சூடு அதைத் தாண்டும்.

தட்டுக்கும் இரண்டு டிரைவுக்கும் சேர்த்து ஆகிற செலவை வாலிபர் சங்கக் கணக்கில் கேட்டிருக்கிறேன். வரும் கூட்டத்தில் பேசுவோம். அதற்குள் இன்னொரு அவசரம். நம் சபையில் 90-ஐத் தாண்டிய தாத்தா ஒருவர், தான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த கதையைச் சொல்லச் சம்மதித்திருக்கிறார். வரும் சனிக்கிழமை பதிவு. மறுநாள் சிவப்பு ஸ்டிக்கர் டிரைவை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயராக என்னுடையதை எழுதிவிட்டேன். சனி இரவு எனக்கு நைட் ஷிஃப்ட். தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டு கிளம்பினால் யாராவது என்னைக் கார் நிறுத்துமிடத்தில் மறியுங்கள். அடுத்த வாரத்துக்குப் பெயர் காலியாக இருக்கிறது.