கடகட சத்தத்துக்குக் கடன் எடுக்காதீர்கள்

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆறேழு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். அதில் ஒன்று பழைய சிவப்பு டுகாட்டி. அதில் வந்த தம்பி எஞ்சினை நிறுத்தாமல், கிளட்ச் லீவரைப் பிடித்தபடியே இருந்தார். கடகடகட என்று ஒரு சத்தம். தகரப் பேணிக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது. எனக்குப் பக்கத்தில் நின்ற மாமி, "பாவம், ஏதோ உடைஞ்சு போச்சுப் போல" என்றார். பெடியள் எல்லாரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமி பக்கம்தான் நான். கோபப்படுகிறவர்கள் இப்போதே கோபப்படலாம்.

இதை எழுதக் காரணம் அந்தக் கலியாணம் இல்லை, என் சித்தியின் மகன். வயது 22. இப்போது நிஞ்ஜா 400 ஓடுகிறான். அதை விற்று, மிச்சத்துக்குக் கடன் எடுத்து, ஒரு பழைய டுகாட்டி 1098 வாங்கப் போகிறானாம். ஏன்டா என்று கேட்டேன். "ட்ரை கிளட்ச் அக்கா. ரேஸ் பைக்கில இருக்கிறது அதுதான். வெட் கிளட்ச் பைக் எல்லாம் தையல் மெசின்." ஒன்ராறியோவில் 22 வயதுப் பையனுக்கு ஸ்போர்ட் பைக் இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் கடன். எல்லாம் ஒரு சத்தத்துக்காக.

அந்தச் சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். பைக் கிளட்ச் என்பது தட்டுகளின் அடுக்கு. உராய்வுத் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என்று மாறி மாறி இருக்கும். ஒரு வகைத் தட்டின் விளிம்பில் பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை எஞ்சினோடு சுற்றும் பாஸ்கெட்டின் வெட்டுகளுக்குள் போய் உட்காரும். மற்ற வகை கியர்பாக்ஸ் பக்கம். ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கினால் பைக் ஓடும். லீவரைப் பிடித்தால் நெருக்கம் விடும், தட்டுகள் தளரும். அந்தப் பல்லுக்கும் வெட்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கிறது. தளர்ந்த தட்டுகள் அந்த இடைவெளிக்குள் அடிபடுகிற சத்தம்தான் நீங்கள் வீடியோ எடுத்தது. வெட் கிளட்சிலும் அதே இடைவெளி உண்டு. ஆனால் தட்டுகள் எஞ்சின் ஒயிலில் நனைந்தபடி மூடிய பெட்டிக்குள் இருப்பதால் வெளியே கேட்காது. அடிபட அடிபட பாஸ்கெட்டின் வெட்டுகள் தேயும், இடைவெளி அகலும், சத்தம் இன்னும் கூடும். சத்தம் கூடிய பைக்கைப் பார்த்து "செம" என்று கொமென்ட் போடுகிறீர்கள். நீங்கள் பாராட்டுவது தேய்மானத்தை.

"ஆனால் மோட்டோ ஜிபி பைக்கில் ட்ரைதானே?" ஆம், ட்ரைதான். அதற்கு நல்ல காரணங்களும் இருக்கின்றன. தட்டுகள் ஒயிலைக் கிழித்துக்கொண்டு சுற்றத் தேவையில்லை, அதனால் கொஞ்சம் சக்தி மிச்சம். தேய்ந்த தூள் எஞ்சின் ஒயிலில் கலக்காது. மெக்கானிக் ஒயிலை வடிக்காமலே பக்கவாட்டில் திறந்து தட்டுகளை மாற்றிவிடலாம். பந்தயத்தில் இவை பெரிய விஷயம். ஆனால் அந்தக் கிளட்ச் பந்தயம் தொடங்கும்போது ஒரு தடவை கடுமையாக வேலை செய்யும். பிறகு அநேகமாகப் பூட்டியபடியே இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குழுவே நிற்கிறது. உன் கராஜில் யார் நிற்கிறார்கள்? அப்பாவும் அவருடைய புல்வெட்டும் மெசினும்.

இப்போது நம் ஓட்டத்தைப் பாருங்கள். வெள்ளி பின்னேரம் 5 மணி, 401 நெடுஞ்சாலை. கார்களுக்கு நடுவால் புகுந்து போக இங்கே அனுமதி இல்லை. பத்து மீற்றர் ஊர்கிறோம், நிற்கிறோம், மறுபடி ஊர்கிறோம். 1098 போன்ற பைக்கில் முதல் கியரே நீளமானது. மெதுவாக ஊர வேண்டுமென்றால் பாதிக் கிளட்சில் வழுக்கவிட்டுத்தான் ஆக வேண்டும். வழுக்கும்போது எஞ்சினின் சக்தி தட்டுகளுக்கு நடுவில் சூடாக மாறுகிறது. வெட் கிளட்சில் அந்தச் சூட்டை ஒயில் அள்ளிக்கொண்டு போய்விடும். ட்ரை கிளட்சுக்குக் காற்று மட்டும்தான். ஜூலை மாதம், நின்றுகொண்டிருக்கும் பைக், என்ன காற்று? தட்டுகள் சூடேறி நெளியும், கிளட்ச் விடும்போது பைக் குலுங்கும், பிடிக்கும் புள்ளி லீவரில் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

டுகாட்டிக்கே இது தெரியும். 2008 இல் மொன்ஸ்டர் 696 ஐ வெட் கிளட்சோடு விட்டார்கள். 916 இல் இருந்து 1198 வரை ட்ரை கிளட்ச் போட்ட அதே சூப்பர்பைக் வரிசையில், 2012 இல் விற்பனைக்கு வந்த 1199 பனிகாலேயில் வெட் கிளட்ச் வந்தது. சூப்பர்பைக் இல்லாவிட்டாலும் பிஎம்டபிள்யூவையும் சொல்லலாம்: அவர்களின் பொக்ஸர் பைக்குகளில் பல பத்தாண்டுகளாக ட்ரை கிளட்ச். 2013 இல் வந்த ஆர் 1200 ஜிஎஸ்ஸோடு அவர்களும் வெட் பக்கம் போனார்கள்.

"டுகாட்டி திரும்பக் கொண்டுவந்ததே?" கொண்டுவந்தது. வி4 ஆர், வி4 எஸ்பி இரண்டிலும் ட்ரை கிளட்ச். இரண்டும் ரேஸ் ட்ராக்கை மனதில் வைத்துச் செய்த விலை கூடிய பதிப்புகள். சாதாரண பனிகாலே வி4 இல் வெட் கிளட்ச்தான். வி4 ஆரை வைத்து பௌடிஸ்டா 2022, 2023 இரண்டு வருடமும் உலக சூப்பர்பைக் பட்டம் வென்றார், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஜொனதன் ரே 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு பட்டம் வென்றது கவாசாகியில். டொப்ராக் 2021 இல் யமஹாவில் வென்றார், 2024 இல் பிஎம்டபிள்யூவில். இந்த மூன்று கம்பனியும் கடையில் விற்கும் அந்தப் பைக்குகளில் இருப்பது வெட் கிளட்ச். தையல் மெசின் என்றால் நல்ல தையல் மெசின்.

இன்னொரு குழப்பம். ஸ்லிப்பர் கிளட்ச் வேறு, ட்ரை கிளட்ச் வேறு. வேகமாகக் கியர் குறைக்கும்போது பின் சக்கரம் துள்ளாமல் காப்பது ஸ்லிப்பர். அது வெட்டிலும் வரும், ட்ரையிலும் வரும். என் தம்பி விற்கப் போகிற நிஞ்ஜா 400 இலேயே அது இருக்கிறது! லீவர் பஞ்சு மாதிரி இருப்பதும் அதே அமைப்பால்தான். கையில் இருப்பதைத் தெரியாமலே விற்கிறான்.

வெட் கிளட்சிலும் ஒரு பலவீனம் உண்டு, அதையும் சொல்கிறேன். எஞ்சினும் கிளட்சும் ஒரே ஒயிலைக் குடிக்கின்றன. அப்பாவின் கொரோலாவுக்கு வாங்கி மிஞ்சிய ஒயிலைப் பைக்கில் ஊற்றினால், எரிபொருளை மிச்சப்படுத்த அதில் சேர்த்திருக்கும் வழுக்கல் பொருட்கள் கிளட்சையும் வழுக்கவைக்கலாம். போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். அவ்வளவுதான் வேலை.

கலியாண வாசலுக்குத் திரும்புகிறேன். அந்தச் சிவப்புப் பைக்கில் கிளட்ச் மூடி வெட்டித் திறந்திருந்தது, சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று. சுற்றும் பாகங்கள் வலது காலுக்குப் பக்கத்திலேயே அப்படியே தெரிகின்றன. அந்தத் தம்பி கட்டியிருந்தது பட்டு வேட்டி. கரை அதற்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சொன்னேன். சிரித்தார். "ஷோ அக்கா" என்றார். அடுத்த கலியாணத்தில் பின்னால் ஒரு பிள்ளை சேலையோடு ஏறுவாள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மூடியை மட்டும் முழுதாகப் போடுங்கள். சிக்னலில் லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நியூட்ரலுக்குப் போங்கள். சத்தம் குறையும், வெட்டுகளும் கொஞ்சக் காலம் கூட இருக்கும். ஞாயிறு காலை வெறும் றோட்டில் மட்டும் ஓடி, வருடா வருடம் தட்டு மாற்றும் செலவைச் சிரித்துக்கொண்டே கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். நல்லது. அவர்கள் கடன் எடுத்து வாங்கியவர்கள் இல்லை.

சித்தியின் மகனுக்கு நேற்று ஒரு மெசேஜ் போட்டேன். வாங்க முன் அந்த 1098 ஐ வெள்ளி பின்னேரம் 5 மணிக்கு 401 இல் ஒருக்கா ஓடிப் பார்க்க விற்கிறவரிடம் கேள், சம்மதிக்காவிட்டால் ஏன் என்றும் கேள் என்று. பார்த்துவிட்டான். இன்னும் பதில் இல்லை.