டோஸ்டருக்கு மேலேயும் இடம் வேணும்

ஹாஸ்டலை விட்டு நாலு பேரா சேர்ந்து வீடு எடுத்திருக்கீங்களா? அப்போ சீக்கிரமே டோஸ்டர் பேச்சு வரும். 'காம்பாக்ட்' என்று போட்டிருக்கும் நீள அகலத்தை மட்டும் நம்பி ஆர்டர் போட்டுடாதீங்க.

பாப்-அப் டோஸ்டருக்கு மேல்பக்கம் திறப்பு. சூடு நேரே மேலே போகும். அதனால் அதன் தலைக்கு மேல் ஷெல்ஃப், காலண்டர், கைத்துணி எதுவும் இருக்கக் கூடாது. வாடகை வீட்டுச் சமையல் மேடையில் அப்படி ஒரு இடத்தைக் காட்டுங்க பார்ப்போம்!

அடுத்தது கரண்ட். டோஸ்டர் 800 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 3.5 ஆம்பியர். 1500 வாட் கெட்டில் 6.5. காலை கிளாஸ் அவசரத்தில் ரெண்டையும் ஒரே 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவோம். (இதைச் செய்றதில் ட்ரிபிள்-ஈ பசங்களும் அடக்கம்.) பாக்ஸ் உருகினா அட்வான்ஸில் கழிப்பார் ஹவுஸ் ஓனர்.

வாங்கித்தான் ஆகணும்னா என் ஓட்டு சாண்ட்விச் மேக்கருக்கு. ஆறினதும் மூடி, புத்தகம் மாதிரி செங்குத்தா நிறுத்திடலாம். முந்தின நாள் உருளைக்கிழங்கு பொரியலும் உள்ளே போயிடும்.

ஆனா தோசைக்கல் ஏற்கெனவே இருக்கே? மிதமான தீ, கொஞ்சம் நெய், மேலே ஒரு தட்டை வெச்சு லேசா அமுக்கினா போதும். பிரெட் மொறுமொறுன்னு வரும்.

அப்பவும் மனசு கேக்கலைன்னா, டோஸ்டர் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை மேடையில் ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க. மாவுப் பாத்திரம் வைக்க இடமில்லாம யாராவது அதைத் தூக்கிக் கீழே வெச்சுட்டா, ஆர்டரை கேன்சல் பண்ணிடுங்க.