கட்-அவுட் கட்ட நாம, மேடை ஏற யாரு?

ரசிகர் மாநாட்டைப் பற்றித் தலித் பத்திரிகையில் எதுக்கு எழுதணும் என்று கேட்கும் தோழர்களுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். அந்த மாநாட்டைத் தாங்கி நிற்கும் உழைப்பு நம்மளுது. அதனாலதான்.

நம் அறிவாளிகளுக்கு ரசிகன் என்றால் 'விசிலடிச்சான் குஞ்சு'. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், அடித்தட்டு மக்கள் ஒரு பிம்பத்துக்குள் எப்படிச் சிக்கினார்கள் என்று விரிவாகச் சொன்னது. அவசியமான நூல். ஆனா அதைப் படிச்சிட்டு வந்த நம்மாளுங்க பிம்பத்தைத் திட்டின அளவுக்கு, பிம்பத்தைத் தூக்கி நிறுத்தின கையைப் பார்க்கலை. வடசென்னைக் குடியிருப்புகளிலும் கூவக்கரையிலும் இருந்து வரும் நம்ம பையனோட கை அது.

சென்னை மாதிரி ஒரு மாநகரத்தில் ரசிகர் மாநாடு நடத்துவது லேசான காரியமில்லை. போலீஸ் அனுமதி, தீயணைப்புத் துறையின் கடிதம், மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு, மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய பணம், மண்டப வாடகை, ஒலிபெருக்கி, வேன், பிரியாணிப் பொட்டலம் என்று பட்டியல் நீளும். இதில் கையெழுத்தும் பணமும் சம்பந்தப்பட்டதைத் தலைமை மன்றம் பார்த்துக்கொள்ளும். உடம்பு சம்பந்தப்பட்டது கிளைக்கு வரும். எந்தக் கிளைக்கு என்பதில்தான் சாதி இருக்கு.

தொண்ணூறுகளில் நானும் ஒரு கிளை மன்றத்தின் பொருளாளர். மாநில மாநாட்டுக்காக நாலு ராத்திரி நாங்க பதினெட்டுப் பேர் தூங்கலை. சாரம் கட்டினோம், கட்-அவுட் ஏத்தினோம், பசை வாளியோட தெருத்தெருவா சுவரொட்டி ஒட்டினோம். மாநாட்டன்று மேடைக்குக் கீழே வயரைப் பிடிச்சிக்கிட்டு நான் நிக்கிறேன். மேலே ஒரு நிர்வாகி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "அந்த ஏரியாப் பசங்களைப் பின்னாடி உட்கார வை. கலாட்டா பண்ணுவானுங்க." கிராமத்தில் 'காலனி' என்கிறார்கள், நகரத்தில் 'ஏரியா' என்கிறார்கள். சாதிப் பெயரை உச்சரிக்காமலே சாதி பேச மாநகரம் கற்றுக்கொடுத்திருக்கிறது. நாங்க பின்னாடி போய் உட்கார்ந்தோம். அதுதான் இன்னைக்கும் எனக்கு ஆறலை.

உயிர்க் கணக்கையும் பார்ப்போம். 2020 செப்டம்பரில் ஆந்திராவில் குப்பம் அருகே நடிகரின் பிறந்தநாள் பேனர் கட்டிய 3 ரசிகர்கள் மின்சாரம் பாய்ந்து செத்தார்கள். 2023 ஜூலையில் நரசராவ்பேட்டையில் 2 பேர். 2024 ஜனவரியில் கர்நாடகத்தின் கதக் மாவட்டத்தில் 3 பேர். மூன்றும் ஒரே மாதிரிச் சாவு. உயரமான இரும்புச் சட்டம், மேலே மின்கம்பி, ராத்திரி நேரம். மின்வேலை தெரிஞ்ச ஒரு ஆளைக் கூலி கொடுத்து நிறுத்தியிருந்தால் தடுத்திருக்கலாம். இலவசமா ஏற ஒருத்தன் இருக்கும்போது கூலி எதுக்கு என்பதுதான் கணக்கு.

இடப் பிரச்சினைக்கு வருவோம். ரசிகர் அமைப்பாக வளர்ந்து 2024 பிப்ரவரியில் கட்சியான விஜயின் அமைப்பு, அதே ஆண்டு அக்டோபரில் விக்கிரவாண்டியிலும் 2025 ஆகஸ்டில் மதுரை பாரபத்தியிலும் மாநாடு கூட்டியது. இரண்டும் ஊருக்கு வெளியே, திறந்த நிலத்தில். ஊருக்குள் நடக்கும் கூட்டத்தின் கதி என்ன? 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அதே கட்சியின் பிரச்சாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் செத்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் உண்டு. காலையிலிருந்து காத்துக் கிடந்த சனம். தண்ணி எங்கே, வெளியேறும் வழி எங்கே என்று முன்கூட்டியே கேட்க வேண்டியவர்கள், செத்த பிறகு யார் மேல் குற்றம் என்று ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டினார்கள்.

இன்னொரு கூட்டத்தையும் வைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திணறினார்கள். நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நியாயம். ஆனா நம்ம பையன் வேனில் வந்து மயங்கி விழுந்தால் 'கட்டுப்பாடில்லாத கூட்டம்' என்கிறார்கள். டிக்கெட் வாங்கினவன் வாடிக்கையாளர், நாலு ராத்திரி உழைச்சவன் கும்பலா?

மறுநாள் காலையில் மைதானத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும். பொட்டலக் காகிதம், ஒத்தைச் செருப்பு, மூத்திர நாற்றம். அதைக் கூட்டி அள்ளுவது நம்ம அம்மா, நம்ம அக்கா. மகன் கட்டின தோரணத்தைத் தாய் அள்ளுகிறாள். அந்தத் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னாடி 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நடிகரைப் பார்க்கக் கூடினால் சாலையைத் திருப்பிவிடும் நகரம் இது. வேலையைக் காப்பாத்திக்கக் கூடினால் வண்டியில் ஏத்துது.

தம்பிகளே, சினிமா பார்க்காதே, விசில் அடிக்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. சந்தோஷப்பட நமக்கும் உரிமை உண்டு. அடுத்த மாநாட்டுக்கு உங்களைத் தேடி வருவாங்க. சாரம் ஏறுவதுக்கு முன்னாடி கேளுங்க: கூலி எவ்வளவு? விழுந்தா வைத்தியச் செலவு யாரு? பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை? மறுநாள் கூட்டுறவங்களுக்குத் தனிச் சம்பளம் உண்டா? வரவு செலவுக் கணக்கைக் கிளைக்குக் காட்டுவீங்களா? மேடையில எங்க ஏரியாவுக்கு எத்தனை நாற்காலி?

தோழர்களே, உங்களுக்கும் ஒரு கேள்வி. நம்ம கருத்தரங்குக்கு முப்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம் என்கிறோம். ஆயிரக்கணக்கில் ஆள் திரட்டி, பந்தல் போட்டு, சோறு போட்டு, வீடு கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிஞ்ச பையன் நம்ம தெருவிலேயே இருக்கான். அவனைக் குஞ்சு என்று சொல்லி ஒதுக்கினதில் நட்டம் யாருக்கு?